நம்ம ஸ்டேட்டுல செல்லாதது ஒண்ணு

அந்தப் பேப்பரை ஒரு நிமிஷம் குடுங்க சார். இல்ல, சினிமா பக்கம் வேணாம். ஜனாதிபதி எலெக்‌ஷன் ரிசல்ட்டை ஸ்டேட் ஸ்டேட்டா கட்டம் கட்டிப் போட்டிருக்கானே, அந்தப் பக்கம்.

பாருங்க, நம்ம ஸ்டேட்டு. இவருக்கு இத்தனை, அவருக்கு இத்தனை, செல்லாதது சைபர். எல்லாரும் ஒழுங்கா போட்டிருக்காங்க. போன தடவை இதே கட்டத்துல 'செல்லாதது ஒண்ணு'ன்னு போட்டிருந்தான் சார். அந்த ஒண்ணுக்காக நாங்க பட்ட பாடு இருக்கே... சரி, நாங்க பட்டதைவிட எங்ககிட்ட மாட்டினவங்க பட்டது ஜாஸ்தி. அதை மறைக்கக் கூடாது.

நீங்க வாத்தியாரா? பேங்க்கா. அதான் கேட்டேன், சட்டைப் பையில ரெண்டு பேனா இருக்குதே. உங்களுக்கு நான் சொல்றது புரியும்.

ஜனாதிபதிக்கு நீங்களும் நானும் ஓட்டுப் போட முடியாது. எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும்தான் போடணும். நம்ம ஸ்டேட்டு எம்.எல்.ஏ. ஒருத்தர் ஓட்டுக்கு நூத்தி எழுபத்தாறு மதிப்பு. ஒருத்தர் போட்டா நூத்தி எழுபத்தாறு பேர் போட்ட மாதிரி. அதே மாதிரி ஒருத்தரை அடிச்சா நூத்தி எழுபத்தாறு பேரை அடிச்ச மாதிரி ஆகுமான்னு வக்கீலைக் கேட்டேன். ஆகாதாம். கேஸ் ஒண்ணுதானாம்.

என் பேரு ஏகாம்பரம். எனக்குப் பதவின்னு ஒண்ணும் கிடையாது. கோதண்டபாணி அண்ணன் கூட இருக்கிறவன், அவ்வளவுதான். இப்ப அவரு அமைச்சர். அப்ப எங்க மாவட்டச் செயலாளரும் எம்.எல்.ஏ.வும். அவருக்குக் கார் ஓட்டுறது, பேப்பர் படிச்சுக் காட்டுறது, யாரையாவது ரெண்டு தட்டு தட்டணும்னா தட்டுறது, எல்லாம் நான்தான். அண்ணன் மூணாவதோட நிறுத்திட்டார். நான் பத்தாவது. பகல்ல மூட்டை தூக்கிட்டு ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சுப் பாஸ் பண்ணினவன். கணக்குல எழுபத்தொண்ணு. அதனால எழுத்து வேலை எல்லாம் என் தலையிலதான்.

எழுத்து வேலைன்னா பத்திரம், ஒப்பந்தம், இந்த மாதிரி. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? பழைய ஒப்பந்தத்துல '1 ஏக்கர்'னு இருந்தா ரெண்டே கோடு போதும், நாலு ஏக்கர் ஆயிடும். அப்படி நானே எட்டு பத்து இடத்துல பண்ணியிருக்கேன். ஆனா 'ஒரு ஏக்கர் மட்டும்'னு எழுத்தால எழுதி வெச்சிருந்தான்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துக்க வேண்டியதுதான். எண்ணை நம்பக் கூடாது சார், எழுத்தைத்தான் நம்பணும். இது என் அனுபவம்.

ஜனாதிபதி எலெக்‌ஷன் வந்துச்சு. கட்சி ஆபீஸ்லேர்ந்து ஒரு சர்க்குலர் அனுப்பினாங்க. ரோஸ் கலர் சீட்டு குடுப்பாங்க, பேனாவும் அவங்களே வயலெட் மை போட்டுக் குடுப்பாங்க, நம்ம வேட்பாளர் பேருக்கு நேரா 1ன்னு எண்ணால போடணும், வேற கோடு கீடு இழுக்கக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. மெட்ராஸ்ல ஒரு பயிற்சி வகுப்பு கூட வெச்சாங்க. அண்ணன் போகல. "ஒண்ணு போடறதுக்கு ஒரு வகுப்பாடா? நான் என்ன பாலர் பள்ளியா?"ன்னுட்டார்.

ஆனா உள்ளுக்குள்ள பயம். ஓட்டுக்கு மூணு நாள் முன்னாடி என்னைக் கூப்பிட்டு, "ஏகா, நான் ஒண்ணு போட்டுட்டு வந்தப்புறம் எவனாவது அதை ஏழாக்கிட்டான்னா?"ன்னு கேட்டார். பாருங்க, ஆளு படிக்காட்டியும் எப்படி யோசிக்கிறார்! என்கூட இருந்த பழக்கம்.

நான் சொன்னேன், "அண்ணே, நீங்க எழுத்தாலயே எழுதிடுங்க. 'ஒன்று'. எவனாலயும் கை வைக்க முடியாது."

"சர்க்குலர்ல எண்ணுன்னு போட்டிருக்குதேடா?"

"சர்க்குலர் எழுதினவன் பத்திரம் எழுதிப் பழகாதவன்ணே."

ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிட்டு வந்தேன். மூணு நாள் 'ஒன்று' 'ஒன்று'ன்னு எழுத வெச்சேன். முதல் நாள் கோழி கிளறின மாதிரி இருந்துச்சு. மூணாம் நாள் சார், அச்சடிச்ச மாதிரி வந்துச்சு. எனக்கே பெருமையா இருந்துச்சு.

ஓட்டுப் போட்டுட்டு வெளிய வந்தவர் கார்ல ஏறினதும் என் தோள்ல தட்டினார். "எழுதிட்டேன்டா. கட்டத்துக்குள்ள அடக்கமா." அன்னிக்கு எனக்கு பிரியாணி. அந்த ஓட்டுப் பெட்டியை டெல்லிக்கு பிளேன்ல கொண்டு போவாங்க தெரியுமா? பெட்டிக்குன்னு தனி சீட்டு. நான் இதுவரைக்கும் பிளேன்ல போனதில்ல. என்கிட்டப் படிச்ச எழுத்து போயிருக்கு.

மூணாம் நாள் ரிசல்ட். மாவட்ட ஆபீஸ்ல பெரிய டிவி வெச்சு, சரவெடி எல்லாம் ரெடியா இருக்குது. நம்ம வேட்பாளர் ஜெயிச்சுட்டார். வெடி வெடிச்சு முடிக்கல, கீழ எழுத்து ஓடுது. நம்ம ஸ்டேட்டுல கட்சிக்கு நூத்தி நாப்பத்தோரு எம்.எல்.ஏ. விழுந்தது நூத்தி நாப்பது. எதிராளிக்கு ஒண்ணும் கூடல. செல்லாதது ஒண்ணு.

போன் வந்துச்சு. தலைவரே பேசறார். அண்ணன் எழுந்து நின்னு பேசினார். செருப்பைக் கழட்டிட்டுப் பேசினார் சார், போன்ல. ஓட்டு எண்ணுற இடத்துல கட்சி ஏஜென்ட்டா உக்காந்திருந்தவன் வடக்கத்திக்காரன். அவன் தலைவருக்குச் சொல்லியிருக்கான், "ஒரு சீட்டுல நம்பர் இல்ல, ஜிலேபி மாதிரி உங்க பாஷையில என்னமோ எழுதியிருந்துச்சு, அதனால செல்லாதுன்னு வெச்சுட்டாங்க"ன்னு. அவனுக்கு ஜிலேபின்னா அது தமிழ் எழுத்துன்னு நமக்குப் புரிய வேண்டியதுதானே? ஆனா தலைவர் எப்படி எடுத்துக்கிட்டார்னா, எவனோ தன்னைக் கெட்ட வார்த்தையில திட்டி எழுதி டெல்லிக்கு அனுப்பிட்டான்னு. "எழுதின கை எதுன்னு எனக்கு ரெண்டு நாள்ல தெரியணும்"னுட்டார்.

அவ்வளவுதான், ஸ்டேட் முழுக்க ஆரம்பிச்சுடுச்சு. தெக்குல ஒரு மாவட்டத்துல ரெண்டு எம்.எல்.ஏ.ங்க கட்சி ஆபீஸ்லயே சேரைத் தூக்கி அடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தருக்குக் காது பாதி தொங்கிடுச்சு. இன்னொரு ஊர்ல ஒரு எம்.எல்.ஏ. மச்சானை கிணத்துல தலைகீழா இறக்கி, "உங்க மாமா என்னடா எழுதினான்"னு கேட்டிருக்காங்க. அவன் பயத்துல மாமா எழுதினது, எழுதாதது, அக்காவைத் திட்டினது எல்லாத்தையும் சொல்லிட்டானாம். ஆளாளுக்கு ஒரு துரோகியைப் பிடிச்சுட்டு மெட்ராஸுக்கு போன் பண்றாங்க. ஒரு செல்லாத ஓட்டுக்கு ஒம்பது துரோகி ஆயிடுச்சு.

எனக்கு ஜிலேபின்ன உடனே பொறி தட்டிடுச்சு. அண்ணனைப் பின்பக்கம் கூட்டிட்டுப் போய், "அண்ணே, அது நம்ம எழுத்தா இருக்குமோ"ன்னேன்.

பளார்னு ஒண்ணு விட்டார். இந்தக் காது இன்னிக்கும் கொஞ்சம் மந்தம்தான். இந்தப் பக்கம் உக்காந்து பேசினீங்கன்னா சரியா கேக்காது.

அப்புறம் மெதுவா கேட்டார். "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுண்ணே."

"நோட்டு?"

நோட்டை வெந்நீர் அடுப்புல போட்டேன். நல்ல கையெழுத்து சார், கடைசிப் பக்கமெல்லாம். மனசே இல்ல.

இதுல ஒண்ணு சொல்லிக்கறேன். என் மேல தப்பே கிடையாது. டெல்லியில ஒருத்தனுக்காவது தமிழ் படிக்கத் தெரிஞ்சிருந்தா அந்த ஓட்டு செல்லுபடிதான். அங்க ஆள் சரியில்ல. சரி, அதை விடுங்க.

எங்க மாவட்டத்துல கட்சிக்கு நாலு எம்.எல்.ஏ. அண்ணனைத் தள்ளுங்க. ஒருத்தர் தலைவருக்குச் சம்பந்தி முறை, தொட முடியாது. இன்னொருத்தர் ஓட்டுப் போட்ட அன்னிக்கு டயாலிசிஸ்லேர்ந்து நேரா வந்து போட்டவர், அவரை அடிக்க ஆரம்பிச்சா முடிச்சுத்தான் ஆகணும். மிச்சம் லைன்மேன் துளசிங்கம்.

துளசிங்கம் கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்து, சங்கத்துல பேர் வாங்கி, எம்.எல்.ஏ. ஆனவர். எம்.எல்.ஏ. ஆனப்புறமும் ஃபியூஸ் போச்சுன்னா ஜனங்க அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. தலைவர் கால்ல விழ மாட்டார். கையைக் கும்பிட்டு நிப்பார், கம்பம் மாதிரி. அதுவே பாதி குத்தம். ஒரு கூட்டத்துல எழுந்து, "எங்க ஊர் ஆஸ்பத்திரியில டாக்டர் இல்லீங்க தலைவரே"ன்னு வேற கேட்டிருக்கார். மீதிப் பாதி.

அண்ணன் சொன்னார், "துளசிங்கம்தான்."

நான் சொன்னேன், "சரிண்ணே."

எனக்கும் அவருக்கும் பழக்கம் உண்டு சார். நான் படிச்ச ராத்திரிப் பள்ளிக்கூடத்துக்கு முதல்ல கரண்டே கிடையாது, லாந்தர்தான். ஒருநாள் அவர் கம்பத்துல ஏறி ஒரு வயர் இழுத்து பல்பு போட்டுக் குடுத்தார். எந்த உத்தரவும் இல்லாம, அவரா செஞ்சது. அதுக்கு மெமோ வாங்கினார்னு கூட சொல்வாங்க. அந்த பல்பு வெளிச்சத்துலதான் நான் பத்தாவது பாஸ் பண்ணினேன். நான் நன்றி மறக்கிற ஆள் இல்ல. அதனாலதான் இடது கையிலேர்ந்து ஆரம்பிச்சேன்.

இருங்க, டிக்கெட் கேக்கறார். நான் எடுத்துட்டேன்பா. நெடுங்கல். இவர்? நீங்களும் எடுத்துட்டீங்களா. சரி.

அண்ணனோட ரைஸ் மில்லுக்கு வரச் சொன்னோம். 'கட்சி விஷயம், ரகசியமா பேசணும், தனியா வாங்க'ன்னு போன் பண்ணினேன். நம்பி வந்தார். டி.வி.எஸ். ஃபிஃப்டியில வந்தார் சார், எம்.எல்.ஏ. மத்தியானம் ரெண்டு மணி. மில்லு ஓடிக்கிட்டு இருக்குது. ஓட விட்டேன், சத்தத்துக்கு. கஜான்னு ஒருத்தன், வேலாயுதம்னு ஒருத்தன், அப்புறம் நான். சைடு ரூம்ல தவிட்டு மூட்டை மேல உக்கார வெச்சோம்.

"ஏகாம்பரம், என்னய்யா, அண்ணன் எங்கே?"

"அண்ணன் வர மாட்டாருங்க. செல்லாத ஓட்டு விஷயம். ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா வீட்டுக்குப் போயிடலாம்."

அவர் சிரிச்சார். "எதை ஒத்துக்கிறது? நம்ம ஆளு பேருக்கு நேரா ஒண்ணு போட்டேன். கம்பம் நட்ட மாதிரி நேர்க்கோடு. முப்பது வருஷம் நட்டிருக்கேன், எனக்கு அது கோணுமா?"

கஜா மில்லு பெல்ட்டால ஒண்ணு வெச்சான். பழைய பெல்ட்டு, நாலு விரக்கடை அகலம். முதுகுல பட்டா அப்படியே தோலோட வரும். அவர் கத்தல. 'ஹக்'குன்னார். இன்னொண்ணு, இன்னொண்ணு. வெள்ளைச் சட்டையில கோடு கோடா செவப்பு ஏறுது. வேலாயுதம் இடது கையை மூட்டை மேல நீட்டிப் பிடிச்சுக்கிட்டான், நான் கம்பியால ஒரு போடு போட்டேன். மணிக்கட்டுக்கு மேல. மில்லு சத்தத்துலயும் அது கேட்டுச்சு.

ஆளு மசியல. "ஒண்ணு போட்டேன், ஒண்ணு போட்டேன்"னு அதையேதான் சொல்றார்.

அப்புறம் நான் பக்கத்துல உக்காந்து பொறுமையா சொன்னேன். "அமுதவல்லி செய்யனூர் ஸ்கூலுக்கு எட்டே கால் பஸ்ல போகுது, நாலே முக்கால் பஸ்ல திரும்புது. கஜாவுக்கு ரெண்டு பஸ்ஸும் தெரியும்." அமுதவல்லி அவர் பொண்ணு. சும்மா ஒரு வார்த்தைக்குச் சொன்னேன். கஜா தங்கமான பையன்.

அதுக்கப்புறம்தான் தலை கவுந்துச்சு. "சரி. எழுதிக்கோ. எதிர்க்கட்சி ஆளுக்குப் போட்டுட்டேன்."

"அப்படி எழுத முடியாதுங்க. அவருக்கு ஓட்டு கூடலையே. கணக்கு உதைக்கும். செல்லாம ஆக்கிட்டேன்னு சொல்லணும்."

"சரி, செல்லாம ஆக்கிட்டேன்."

"தலைவரைத் திட்டி எழுதிச் செல்லாம ஆக்கினீங்க."

"சரிய்யா. என்னன்னு திட்டினேன்?"

இதை நாங்க யோசிக்கவே இல்ல சார். மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறோம். கஜா ஒரு வார்த்தை சொன்னான். நல்ல பொருத்தமான வார்த்தைதான். வேலாயுதம் உடனே, "டேய், தலைவரைப் பத்தி நீ இப்படிச் சொன்னேன்னு நாளைக்கு நான் சாட்சி சொல்ல வேண்டி வரும்"னான். கஜாவுக்கு வேர்த்துடுச்சு. "நான் சொல்லலண்ணே, சும்மா இவருக்காக..." "இவருக்காகவா? அப்ப நீ இவர் ஆளா?" அடிக்கிறவனுங்களுக்குள்ள கைகலப்பு ஆகிற மாதிரி ஆயிடுச்சு. ஒரு துரோகியை வெச்சுக்கிட்டே சமாளிக்க முடியல.

கடைசியா 'தகாத வார்த்தை'ன்னு போடலாம்னு முடிவு பண்ணினேன். படிச்சவன் ஒருத்தன் இருந்தா இதுதான் வசதி.

அப்பத்தான் அவர் கேட்டார். உதட்டுலேர்ந்து ரத்தம் ஒழுகுது. "ஏகாம்பரம், கோவிச்சுக்காம சொல்லு. நிஜமாவே அந்தச் சீட்டுல என்ன இருந்துச்சாம்?"

"ஜிலேபி மாதிரி ஒரு வார்த்தை."

"ஒரே வார்த்தையா? கட்டத்துக்குள்ளயா?"

"ஆமா."

"நம்ம வேட்பாளர் பேருக்கு நேரா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சார் சார். கை ஒடிஞ்சு தொங்குது, முதுகு கிழிஞ்சிருக்குது, சிரிக்கிறார். "அட போய்யா. திட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. எந்த முட்டாளோ ஒண்ணுங்கிறதை எழுத்துல எழுதியிருக்கான்யா! பயிற்சி வகுப்புல தலைபாடா அடிச்சுக்கிட்டாங்களே, எழுத்துல எழுதாதீங்க, எழுத்துல எழுதாதீங்கன்னு. எந்தத் தற்குறி அவனுக்குச் சொல்லிக் குடுத்தானோ!"

தற்குறி.

நீங்களே சொல்லுங்க சார். முட்டாள்னு சொல்லியிருக்கலாம், பொறுத்துக்குவேன். ரவுடின்னு சொல்லியிருக்கலாம், அது தொழில். தற்குறின்னா? பகல் முழுக்க மூட்டை தூக்கி, ராத்திரி அந்தப் பல்பு கீழ கண்ணு எரிய எரிய உக்காந்து படிச்சவன். கணக்குல எழுபத்தொண்ணு.

கம்பி எப்படி மேல போச்சுன்னு தெரியல. வலது கையில விழுந்துச்சு. அப்புறம் தோள்ல. அப்புறம் தாடையில. அப்புறம் தலையில. கஜாவே, "அண்ணே போதும்ணே, அண்ணே போதும்ணே"ன்னு என் இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். அவன் அப்படி யாரையும் தடுத்து நான் பாத்ததில்ல.

அவர் தவிட்டுல சாஞ்சு கிடந்தார். என் மூஞ்சியையே பாத்தார். ஒரு கண்ணுதான் திறந்திருந்துச்சு.

"நீதானா?"ன்னார்.

அதுதான் அன்னிக்கு அவர் பேசின கடைசி வார்த்தை. அதுக்கப்புறம் பேச்சு நின்னுடுச்சு. மூளையில அடியாம்.

அப்பத்தான் இன்னொரு தப்பு பண்ணிட்டோம்னு தெரிஞ்சுது. கடுதாசியை நான் எழுதிட்டேன், கையெழுத்து போட அவருக்குக் கை இல்ல. முதல்ல கையெழுத்து, அப்புறம்தான் கை. வேலையில வரிசை முக்கியம் சார். வேற வழியில்லாம மில்லு முத்திரை பேடுல கட்டை விரலைத் தேய்ச்சு வெச்சேன். நல்லா எழுதப் படிக்கத் தெரிஞ்ச எம்.எல்.ஏ. கைநாட்டு வெச்சிருக்காரேன்னு யாராவது கேப்பாங்கன்னு பயந்தேன். ஒருத்தரும் கேக்கல. தலைவர் அந்தக் கடுதாசியை வாங்கி, அதுல என்ன வார்த்தைன்னு இருக்குதான்னு மட்டும் பாத்தாராம். 'தகாத வார்த்தை'ன்னு இருக்கவும், "இதை எழுதினவன் நாகரிகமானவன்"னாராம். அண்ணன் வந்து சொன்னார். எனக்கு அது ஒரு சர்டிபிகேட் மாதிரி.

போலீஸ்ல விபத்து. மில்லு பெல்ட்டுல கை மாட்டி இழுத்துடுச்சு. எழுத்துல இருக்குது, யாரும் மாத்த முடியாது. அதனாலதான் உங்ககிட்ட தைரியமா சொல்றேன்.

மறுநாள் அண்ணன் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, துரோகியைக் கண்டுபிடிச்சாச்சுன்னு சொன்னார். சொல்லி முடிக்கிறதுக்குள்ள எங்க ஆளுங்க துளசிங்கம் வீட்டுக்குப் போயிட்டாங்க. கூரை ஓட்டை உடைச்சு, கதவைப் பேத்து, டி.வி.எஸ். ஃபிஃப்டியை நடுத்தெருவுல போட்டுக் கொளுத்தினாங்க. அந்தப் பொண்ணு தடுக்கப் போயிருக்குது, நெத்தியில கல்லு. ஏழு தையல். நான் அன்னிக்கு அங்க இல்ல. இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன். பொம்பளைப் பிள்ளை மேல கை வைக்கிறது எனக்குப் பிடிக்காது.

அந்த மாசமே அண்ணன் அமைச்சர் ஆயிட்டார்.

ஆனா மனுஷனுக்கு நிம்மதி இல்ல. கஜா வாயை வெச்சுக்கிட்டு இருக்காம, "சிரிச்சுக்கிட்டே என்னமோ சொன்னார்ணே, எழுத்துல எழுதியிருக்கான்னு"ன்னு அண்ணன்கிட்டயே சொல்லித் தொலைச்சுட்டான். கஜா அப்புறம் லாரியில அடிபட்டுச் செத்துப் போயிட்டான், அது வேற விஷயம். அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "துளசிங்கத்துக்குத் தெரிஞ்சிருக்குதுடா. பேச்சு திரும்பிச்சுன்னா என்ன பண்ணுவே? தலைவர் என்னை விடுவாரா? உன்னை நான் விடுவேனா? ஆஸ்பத்திரியிலயே முடிச்சுட்டு வா."

போனேன். பொது வார்டுல மூலைக் கட்டில். ரெண்டு கையும் மாவுக் கட்டு, தாடையில கம்பி. அந்தப் பொண்ணு மட்டும்தான் இருந்துச்சு, நெத்தியில பிளாஸ்திரியோட. என்னைப் பாத்ததும் எழுந்து நின்னு அழுதுடுச்சு. "கட்சியிலேர்ந்து எட்டிப் பாத்தது நீங்க ஒருத்தர்தாண்ணே. அப்பா வயர் இழுத்துக் குடுத்த பள்ளிக்கூடத்துல படிச்சவர்தானே நீங்க? கொஞ்சம் உக்காருங்க, மருந்து வாங்கிட்டு வந்துடறேன். பால் இருக்கு, ஸ்பூன்ல குடுத்தா குடிப்பார். காலையிலேர்ந்து யார் குடுத்தாலும் வேணாம்கறார்"னு சொல்லிட்டுப் போயிடுச்சு.

நானும் அவரும் தனியா.

தலையணை இருந்துச்சு. எனக்கு அதுக்குத்தான் உத்தரவு. ஆனா ஸ்பூனைத்தான் எடுத்தேன். ஏன்னு கேக்காதீங்க. பால் ஆறிக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். வாய் கிட்ட கொண்டு போனேன். என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தார். உடம்பெல்லாம் நடுங்குது, காய்ச்சல் போலிருக்கு. அப்புறம் வாயைத் திறந்தார் சார். கம்பி கட்டின வாய் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு. ஒரு ஸ்பூன், ரெண்டு ஸ்பூன், முழு டம்ளரும் குடிச்சார். கண்ணுலேர்ந்து தண்ணியா ஊத்துது. காலையிலேர்ந்து பெத்த பொண்ணு குடுத்துக் குடிக்காதவர், என் கையால குடிச்சார். மனசுல கோபம் இருந்தா குடிப்பாரா? நீங்களே சொல்லுங்க.

அண்ணன்கிட்ட வந்து சொன்னேன், "அவர் மன்னிச்சுட்டார்ணே. வாயைத் திறக்க மாட்டார். நான் உத்தரவாதம். மாசா மாசம் நானே போய்ப் பாத்துக்கறேன்."

அஞ்சு வருஷமாச்சு. ஒரு மாசம் தவறினதில்ல. நெடுங்கல்ல அவர் வீட்டுக்குப் போவேன், பால் வாங்கிக் குடுப்பேன், அவரும் குடிப்பார். ஆடாம அசையாம என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே குடிப்பார். அந்தப் பொண்ணு சொல்லுது, நான் வர்றேன்னு போன் பண்ணிட்டா அன்னியிலேர்ந்து அவர் ராத்திரி தூங்கறதே இல்லையாம். கதவையே பாத்துக்கிட்டு இருக்காராம். சொந்தத் தம்பியா இருந்தா கூட அவ்வளவு எதிர்பார்ப்பாங்களா?

போன வாரம் அந்தப் பொண்ணே போன் பண்ணுச்சு. ஒரே சந்தோஷம். "அண்ணே, அப்பாவுக்குப் பேச்சு வந்துடுச்சுண்ணே! முதல்ல என்ன சொன்னார் தெரியுமா? உங்க பேரைத்தாண்ணே சொன்னார்! இன்னும் என்னென்னவோ சொல்ல வர்றார், திக்குது. உங்களைப் பாத்தா வந்துடும்."

எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. நேரா அமைச்சர்கிட்டப் போய்ச் சொன்னேன். "இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"ன்னார். இல்லைண்ணேன்னேன். "நல்லது. அவன் நம்ம ஆளு. நீ போய்ப் பாத்துட்டு வா. உன் கையாலதான் குடிப்பான்"னார்.

இன்னிக்குக் காலையில கிளம்பறப்ப அமைச்சர் வீட்டிலேர்ந்தே பால் காய்ச்சிக் குடுத்து விட்டாங்க சார். இதோ பையில, புது பிளாஸ்க்கு. அஞ்சு வருஷத்துல இதுதான் முதல் தடவை. மனுஷன் மாறிட்டார், பதவி வந்தா சிலருக்கு மனசு விசாலமாயிடும் போலிருக்கு. மூடியைத் திறந்து மோந்து பாத்தேன். ஏலக்காய் தூக்கலா இருந்துச்சு. பெரிய வீட்டுக் கைப்பக்குவம். ஒரு வாய் குடிச்சுப் பாக்கலாமான்னு தோணுச்சு. வேணாம்னு மூடிட்டேன். அவருக்குன்னு குடுத்தது.

யோவ் கண்டக்டர், நெடுங்கல் ஆஸ்பத்திரி தாண்டி ரெண்டாவது தெரு, அங்க நிறுத்துப்பா. வழி விடுங்க சார், நான் இறங்கணும். ஆறிடுச்சுன்னா குடிக்க மாட்டார்.